பட்டறையில் கட்டிய ஆஃப் ரோடு வண்டிக்கு எந்த டயர் போடலாம்?

பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிப் பின்பக்கம் வைத்து, பைப் வளைத்து, வெல்டிங் அடித்து ஒரு பக்கி (பைப் கூண்டில் கட்டிய லேசான காட்டு வண்டி) கட்டி முடித்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். வண்டி ஓடுகிறது, ஸ்டீயரிங் திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது. ஆனால் முதல் மழைக்கு அடுத்த நாள் தோட்டத்துக்குள் இறக்கினால் கார் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. உடனே ஆளுக்கொரு யோசனை வரும். பவர் டில்லர் டயர் போடு என்பார் ஒருவர், ஜீப் பட்டன் டயர்தான் சரி என்பார் இன்னொருவர், ஏடிவி (காடு மேட்டில் ஓட்டும் நான்கு சக்கர பைக்) டயரைத் தவிர மற்ற எதற்குச் செலவு செய்தாலும் வீண் என்பார் மூன்றாமவர்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவருக்குக் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. இன்னொருவருக்கு உடன்குடிப் பக்கம் தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) பனந்தோப்பு. மூன்றாமவருக்கு என்னைப் போலவே உடுமலைப் பக்கம் செம்மண்ணும் சரளையும். மூன்று பேரிடமும் ஒரே மாதிரி மாருதி இன்ஜின் வண்டிதான் இருக்கிறது, ஆனால் நான் சொன்ன பதில் மூன்று. ஏன் அப்படி என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

எங்கள் வண்டி ஆளோடு சேர்த்து ஏறக்குறைய 500 கிலோ. பின் சக்கரம் இழுக்கும், முன் சக்கரம் திரும்ப மட்டும். கீழே வரும் கணக்கெல்லாம் இப்படிப்பட்ட வண்டிக்குத்தான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டிகள் சொந்த நிலத்தில் மட்டும் ஓட வேண்டியவை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் இருக்காது. பக்கத்துத் தோட்டம்தானே, நூறு அடி ரோட்டில் போனால் போதுமே என்று தோன்றும். அந்த நூறு அடிக்கும் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோங்கள்.

## டயரைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

மண். மணலும் களிமண்ணும் டயரை நடத்தும் விதம் நேர் எதிர். மணலில் டயர் மேலாக மிதந்து போக வேண்டும், தோண்டினால் தொலைந்தது. ஈரக் கரிசலில் டயரின் பட்டன்களுக்கு (மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே அப்பிய மண் ஒவ்வொரு சுற்றிலும் தெறித்து விழ வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு ஆழமான பட்டனாக இருந்தாலும் ரெண்டே நிமிடத்தில் மொட்டை டயர்தான். சரளையிலும் செம்மண்ணிலும் இவ்வளவு சிக்கல் கிடையாது, அங்கே கல்லும் முள்ளும்தான் பிரச்சினை.

உயரம். இதைத்தான் பெரும்பாலோர் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். மாருதி 800-இன் 145/70 ஆர் 12 டயரின் மொத்த உயரம் 508 மி.மீ. 25 அங்குல டயர் போட்டால் அது 635 மி.மீ., அதாவது நான்கில் ஒரு பங்கு கூடுதல். வண்டி 63 மி.மீ. உயரும், அது லாபம். ஆனால் தரையில் கிடைக்கும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும், பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும். 796 சிசி இன்ஜினில் இது நன்றாகவே உறைக்கும். முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டில் கிளட்சை அரைத்து ஏற்ற வேண்டி வரும், அந்தக் கிளட்ச் பிளேட்டின் விலையும் டயரின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்.

வண்டியின் எடையும் காற்றும். 500 கிலோவை நான்கால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 125 கிலோ. டயரில் 25 பவுண்டு காற்று இருந்தால் தரையில் பதியும் இடம் சுமார் 70 சதுர செ.மீ., கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை. அதையே 6 பவுண்டுக்கு இறக்கினால் 300 சதுர செ.மீ. வரை பதியும், நான்கு மடங்குக்கும் மேல். புதைகிற வண்டி புதையாமல் போவதன் ரகசியம் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. ஆனால் டயரின் சைடுவால் (பக்கச் சுவர்) வளைந்து கொடுக்கும் அளவு மெல்லியதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். 8 பிளை டயரில் (பிளை என்பது டயருக்குள் இருக்கும் துணி அடுக்கின் கணக்கு, கூடக்கூட விறைப்பு) காற்றை இறக்கினாலும் 125 கிலோவுக்கு அது அசையாது, மரச் சக்கரம் மாதிரி நிற்கும். ஜீப்புக்கும் டிராக்டருக்கும் நன்றாக இருக்கிற டயர் நம் வண்டியில் ஏமாற்றுவது இதனால்தான்.

ரிம்மும் போல்ட் வட்டமும். சக்கரத்தின் போல்ட்கள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தைத்தான் போல்ட் வட்டம் என்கிறோம். மாருதி 800, ஆம்னி இரண்டிலும் நான்கு போல்ட், 114.3 மி.மீ. வட்டம். ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் ஐந்து போல்ட், 139.7 மி.மீ. ஏடிவி ரிம்களில் பல நான்கு போல்ட், 110 மி.மீ. வட்டம் மாறினால் இரண்டையும் இணைக்க நடுவே ஒரு அடாப்டர் பிளேட் கடைய வேண்டும், லேத் செலவு தனி.

முள். சீமைக்கருவேலம் இல்லாத தோட்டம் நம் ஊரில் எத்தனை இருக்கிறது? காய்ந்த முள் இரண்டு பிளை டயரில் ஊசி மாதிரி இறங்கும். டியூப் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை எடுத்து ஒட்ட வேண்டும். டியூப்லெஸ் என்றால் நின்ற இடத்திலேயே திரி சொருகிவிட்டுக் கிளம்பலாம். வாரத்துக்கு ஒரு பஞ்சர் ஆகும் நிலத்தில் இந்த ஒரு விஷயமே முடிவை மாற்றிவிடும்.

## எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை

இருக்கிற கார் டயரிலேயே பின் இரண்டு சக்கரத்தில் காற்றை 12 பவுண்டுக்கு இறக்கி, மெதுவாக, வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்று ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்திக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றி மறுபக்கம் சும்மா நின்றால் பாதிக் குறை டயரில் இல்லை, இன்ஜின் விசையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் டிஃபரன்ஷியலில் இருக்கிறது. சுற்றுகிற பக்கத்தை மட்டும் பிடித்து நிறுத்த, பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கை பிரேக் வைத்துக்கொண்டால் பல வண்டிகளுக்குப் புது டயரே தேவைப்படாது. டிராக்டரில் இடது வலது பிரேக் தனித்தனியாக இருப்பதும் இதே வேலைக்குத்தான். இதைச் செய்து பார்க்காமல் டயருக்குச் செலவு செய்யாதீர்கள்.

## 1. கார் டயரே போதும் என்பவர்களுக்கு: ஆம்னி டயர், ரீட்ரெட்

செலவு குறைந்த வழி. 145/70-க்குப் பதிலாக ஆம்னியின் 145 ஆர் 12 எல்டி டயர் அதே ரிம்மில் ஏறும், சுமார் 540 மி.மீ. உயரம் கிடைக்கும், சைடுவாலும் கொஞ்சம் தடிமன். அடாப்டர், லேத், வெல்டிங் எதுவும் வேண்டாம். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் தேடினால் ரிம்மோடு கிடைக்கும், மற்ற ஊர்களில் பழைய கார் உடைக்கும் கடைகளில் பார்க்கலாம்.

தேய்ந்த டயரில் பட்டன் அச்சு வைத்து ரப்பர் ஒட்டித் தரும் பட்டறைகளும் உண்டு. இதுதான் ரீட்ரெட். இங்கே கவனிக்க வேண்டியது கேஸிங், அதாவது டயரின் பழைய உடம்பு. பத்து வருடம் பழைய டயரில் சைடுவாலில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மேலே எவ்வளவு நல்ல ரப்பர் ஒட்டினாலும் காற்றைக் குறைத்து ஓட்டும்போது சைடுவால் பிளந்துவிடும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1219 என்றால் 2019-இன் 12-ஆவது வாரம். அதைப் படித்துவிட்டே ரீட்ரெட்டுக்குக் கொடுங்கள்.

சரளை, காய்ந்த செம்மண், தென்னந்தோப்புக்குள் சுற்றுவது, இதற்கெல்லாம் இது தாராளமாகப் போதும். எங்கள் வண்டி முதல் எட்டு மாதம் இதில்தான் ஓடியது. மழைக்காலத்தில் மட்டும் நிறுத்தி வைத்தோம். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிற நிலத்துக்கு இதற்கு மேல் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

## 2. ஆட்டோ டயர் 4.00-8

ஆட்டோ இன்ஜினிலும் ஆட்டோ ஆக்சிலிலும் கட்டிய சின்ன வண்டிக்கு மட்டும். மாருதி ஹப்பில் (சக்கரத்தைப் போல்ட் போட்டுப் பிடிக்கும் நடுப்பகுதியில்) இது வராது, 8 அங்குல ரிம்முக்குள் கார் பிரேக்குக்கு இடமே கிடையாது. உயரம் 415 மி.மீ. சுற்றளவில்தான் வரும், அதனால் ஒரு வரப்பைத் தாண்டினாலே அடிப்பகுதி இடிக்கும்.

நல்லது என்றால் எந்த ஊரிலும் டயரும் டியூபும் கிடைக்கும், எடை குறைவு, சின்ன இன்ஜின் திணறாது. பிள்ளைகள் ஓட்டிப் பழக, சமதளத்தில் தீவனம் ஏற்றிப் போகச் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு பாதியைப் போல்ட் போட்டு இணைத்த ரிம் என்றால், காற்றை முழுதாக இறக்காமல் அந்தப் பாதிகளைப் பிணைக்கும் நட்டைத் தொடவே கூடாது. காற்றோடு கழற்றினால் ரிம் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். சக்கரத்தை ஹப்பில் பிடிக்கும் நட் எது, பாதிகளைப் பிணைக்கும் நட் எது என்று பெயிண்ட் வைத்து அடையாளம் போட்டுவிடுங்கள்.

## 3. பவர் டில்லர் டயர் 6.00-12

நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் சேதம் செய்வதும் இதுதான் என்பது என் அனுபவம்.

காரணம் எளிது. 12 அங்குல ரிம், மாருதியும் 12 அங்குலம். விவசாயப் பொருள் கடையில் எளிதாகக் கிடைக்கும், டில்லர் மாற்றியவர்களிடம் பாதி தேய்ந்தது மலிவாகக் கிடைக்கும். உயரம் சுமார் 640 மி.மீ. வி வடிவத்தில் ஆழமான பட்டன்கள், நடுவே அகலமான இடைவெளி, ஈரக் கரிசலை அள்ளி எறிந்துவிட்டுப் போகும். சேற்றில் இதன் இழுவையை முதல் தடவை பார்த்தவர்கள் வேறு டயரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

மூன்றாவது மாதம், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயிண்ட் உடைந்தது. வாய்க்கால் கரையைக் குறுக்காகத் தாண்டும்போது ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கிச் சுற்றியது, நான் ஆக்சிலேட்டரை விடவில்லை, கீழே இறங்கியதும் பட்டன்கள் ஒரே அடியாக மண்ணைக் கவ்விக்கொண்டன. கார் டயர் என்றால் அந்த நொடியில் கொஞ்சம் வழுக்கி அதிர்ச்சியைத் தின்றுவிடும். இந்த டயர் வழுக்கவில்லை, அதனால் அதிர்ச்சி முழுவதும் ஷாஃப்டுக்குப் போனது. 12 அங்குல ரோடு டயருக்கும் அதன் பிடிக்கும் கணக்குப் போட்டுச் செய்த ஜாயிண்ட் அது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. டயரை மாற்றியது நான்.

இதன் மற்ற செலவுகள்:

- இந்த டயருக்கு வேண்டிய ரிம் அகலம் கார் ரிம்மில் இல்லை. ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் டயரின் நடுப்பகுதி மேடாகி, அது மட்டும் தரையில் படும், ஓரப் பட்டன்கள் வேலை செய்யாது.
- விவசாய டயர்கள் மெதுவாக ஓடச் செய்தவை. சைடுவாலில் ஏ6 என்று இருந்தால் மணிக்கு 30 கி.மீ., ஏ8 என்றால் 40 கி.மீ. அதுதான் எல்லை. மாருதி இன்ஜின் வண்டி மூன்றாவது கியரிலேயே அதைத் தாண்டிவிடும்.
- கெட்டித் தரையில் உடம்பெல்லாம் நடுங்கும். சேஸிஸ் வெல்டிங்கில் முதல் விரிசல் வருவது இந்த நடுக்கத்தில்தான், மாதம் ஒரு தடவை ஜாயிண்டுகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.
- வி வடிவத்துக்குத் திசை உண்டு. இடதும் வலதும் மாற்றிப் போட்டால் மண் வெளியே போகாமல் உள்ளே சேரும். ஸ்டெப்னி ஒன்று வைத்தால் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாக வரும்.
- மணலில் இதைவிட மோசமான டயர் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் கிணறு தோண்டும்.

ஈரக் கரிசலில், மணிக்கு 20 கி.மீ. தாண்டாமல், சுமை இழுக்க மட்டுமே வண்டி என்றால் இதைப் போடுங்கள். அப்போதும் பின் சக்கரத்துக்கு மட்டும்.

## 4. ஜீப் டயர் 6.00-16

இரண்டாம் உலகப் போர் காலத்து ஜீப் ஓடியதும் 6.00-16 டயரில்தான், பட்டன்கள் முன்னும் பின்னும் ஒரே மாதிரி பிடிக்கும்படி அமைத்தது. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். பலர் இதைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பார்வைக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த ஜீப் 1,100 கிலோ, நம் வண்டி அதில் பாதிகூட இல்லை. அந்த எடைக்கு வளைந்து கொடுத்த டயர் நமக்கு வளையாது.

உயரம் சுமார் 735 மி.மீ. மாருதி டயரைவிட 45 சதவீதம் அதிகம், அதாவது இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முதல் கியர் கிட்டத்தட்ட இரண்டாவது கியர் மாதிரி ஆகிவிடும். சக்கரத்தின் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடும், அதை ஒவ்வொரு குழியிலும் தூக்கி இறக்குவது மாருதி ஷாக் அப்சார்பரின் வேலை. நான்கு போல்டிலிருந்து ஐந்து போல்டுக்கு அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டர் சக்கரத்தை வெளியே தள்ளும், வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டீயரிங் கல்லில் பட்டால் கையை உதறும், முழுதாகத் திருப்பினால் டயர் சேஸிஸ் பைப்பில் உரசும்.

நண்பர் ஒருவர் வண்டியில் இந்த டயரை மெத்தென்று ஆக்குவதற்காகக் காற்றை 8 பவுண்டுக்கு இறக்கினார்கள். டயர் ரிம்மில் மெதுவாக நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வை வேரோடு பிய்த்துவிட்டது. டியூப் டயரில் காற்றை மிகவும் இறக்கினால் இதுதான் நடக்கும். டயரிலும் ரிம்மிலும் நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தால் நழுவுகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, எப்போது இது நல்லது? ஜீப் அல்லது ஜிப்ஸியின் ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் போட்டு, பெரிய டீசல் இன்ஜினோடு 900 கிலோவுக்கு மேல் கட்டிய வண்டிக்கு. அங்கே இது பொருந்தும், நன்றாகவும் உழைக்கும். மேலே ஒரு சாண் சேறும் கீழே கெட்டித் தரையும் இருக்கிற மலைத் தோட்டப் பாதையில் இதன் ஒடுங்கிய அகலம் சேற்றைக் கீறிக்கொண்டு போய்க் கீழே பிடிக்கும், அகல டயர் அங்கே மேலேயே வழுக்கும்.

இதே அளவில் டிராக்டரின் முன் டயரும் வருகிறது, மூன்று கோடு நீளவாக்கில் ஓடும். 16 அங்குல ரிம் இருக்கிற பின் இழுவை வண்டிக்கு முன்பக்கம் அதைப் போட்டால் ஈர மண்ணில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். இழுக்காத சக்கரத்துக்குப் பட்டன் தேவையில்லை, பக்கவாட்டில் வழுக்காமல் இருந்தால் போதும்.

## 5. ஏடிவி டயர் 25×8-12

இப்போது எங்கள் வண்டியில் இருப்பது இது. நம் நாட்டிலேயே பிகேடி மாதிரி நிறுவனங்கள் ஏடிவி டயர் செய்கின்றன, அதனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற வேலை இல்லை.

இதில் பிடித்தது சைடுவால். 6 பவுண்டில் ஓட்டினால் கல்லைச் சுற்றி மடிந்து போகிறது, வரப்பில் ஏறும்போது முதுகில் அடிப்பதில்லை, மணலில் பாய் விரித்த மாதிரி பரவி நிற்கிறது. இதே வேலைக்காகவே செய்த டயர், லேசான வண்டியை மனதில் வைத்துச் செய்தது. மத்தியப் பிரதேசம் பீதம்பூரில் நடக்கும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்கு வண்டி கட்டிய பொறியியல் மாணவர்கள் வெறும் 10 ஹெச்பி இன்ஜினை வைத்துக்கொண்டு இந்த வகை டயரில்தான் மணிக்கணக்காகக் குழியிலும் மேட்டிலும் ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் 25 அங்குலம் வரைகூடப் பெரும்பாலும் போவதில்லை, 22, 23 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், ஏனென்றால் சின்ன இன்ஜினுக்கு உயரம் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள். உங்கள் இன்ஜினுக்கு மூச்சு வாங்கினால் நீங்களும் 23-க்கு இறங்கலாம்.

ஆனால் செலவு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. டயர் விலையே ஐந்திலும் அதிகம். அதன் மேல் ரிம். மாருதி ரிம்மிலேயே ஏற்றலாமே, 12 அங்குலம்தானே என்று கேட்பார்கள். அகலம் போதாது. குறைந்த காற்றில் திரும்பும்போது டயர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஏடிவி ரிம்மின் உள்ளோரத்தில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்த ஒரு மேடு இருக்கும், அதற்காகவே அந்த ரிம் வேண்டும்.

ரிம் 110 வட்டம், ஹப் 114.3 வட்டம். ஓட்டையை நீளவாக்கில் ராவிப் பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், ஸ்டட் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். 25 மி.மீ. கனத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து, பழைய நான்கு ஓட்டைக்கு நடுவே 45 டிகிரி தள்ளிப் புது ஸ்டட் நான்கு வைப்பதுதான் ஒழுங்கான வழி. அந்தக் கனம் வேண்டும், ஹப் ஸ்டட்டின் நட் பிளேட்டுக்குள் முழுதாக அமிழ வேண்டும். மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், அரை மி.மீ. ஆட்டத்துக்கு மேல் இருந்தால் திரும்பக் கடையச் சொல்லுங்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். பஞ்சர் கடை கேஜ் 10 பவுண்டுக்குக் கீழே சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்த கேஜ் தனியாக வாங்க வேண்டும். காற்று 5-க்கும் 7-க்கும் வித்தியாசம் இங்கே பெரிது, காலையில் வைத்த 5 மத்தியான வெயிலில் 6-ஐத் தாண்டிவிடும். விளிம்பு ரிம்மில் உட்காராமல் அடம் பிடித்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டிக் காற்று ஏற்றாதீர்கள். முள்ளுக்கு இரண்டு பிளை வேண்டாம், ஆறு பிளை கேளுங்கள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், கருவேலங்காட்டுக்கு அந்த விறைப்பு வேண்டும். இதில் கிடைத்த பெரிய நிம்மதி டியூப் இல்லாததுதான், பஞ்சர் ஆனால் பத்து நிமிடத்தில் திரி சொருகிக் கிளம்பிவிடலாம்.

மிக ஈரமான கரிசலில் மட்டும் டில்லர் டயர் இதை ஜெயிக்கும். ஏடிவி டயரிலும் சேற்றுக்கென்று ஆழப் பட்டன் வகை உண்டு, அதைப் போட்டால் அந்த இடைவெளி குறையும், ஆனால் ஷாஃப்டுக்கு வரும் ஆபத்தும் கூடவே திரும்பி வந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| டயர் | உயரம் (மி.மீ.) | பொருந்தும் இடம் | ஆகாத இடம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| ஆம்னி 145 ஆர் 12 | சுமார் 540 | சரளை, காய்ந்த செம்மண் | ஈரக் கரிசல் | பழைய கேஸிங், மழைக்கால ஓய்வு |
| ஆட்டோ 4.00-8 | சுமார் 415 | சமதளம், ஆட்டோ ஆக்சில் வண்டி | வரப்பு, சேறு, மணல் | அடி இடிப்பது |
| டில்லர் 6.00-12 | சுமார் 640 | ஈரக் கரிசல், மெதுவான சுமை | மணல், கெட்டித் தரை | டிரைவ் ஷாஃப்ட், வெல்டிங் விரிசல் |
| ஜீப் 6.00-16 | சுமார் 735 | 900 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி, மலைப் பாதை | மணல், லேசான வண்டி | அடாப்டர், கிளட்ச், பேரிங், டியூப் வால்வு |
| ஏடிவி 25×8-12 | 635 | மணல், சரளை, கலப்பு நிலம் | மிக ஈரமான கரிசல் | ரிம், அடாப்டர், கேஜ் |

## நான்கும் ஒரே டயராக இருக்க வேண்டுமா?

பின் இழுவை வண்டியில் வேண்டியதில்லை. பின்னால் ஏடிவி, முன்னால் ஆம்னி டயர் என்று ஓட்டுகிற வண்டிகள் உண்டு, செலவு பாதியாகும், ஸ்டீயரிங்கும் லேசாக இருக்கும். ஒரு சக்கரத்துக்கும் மறு சக்கரத்துக்கும் உயரம் மாறலாம், ஆனால் அது முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் மட்டும். பின் இரண்டும் ஒரே உயரம், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஃபரன்ஷியல் நேர் பாதையிலும் ஓயாமல் சுற்றிச் சூடாகும். நான்கு சக்கர இழுவை என்றால் நான்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்தால் முன் சக்கரத்தின் கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. வேகம் போகிறவர்கள் இதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. எந்த டயர் போட்டாலும் முதல் 20 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், அடாப்டர் போட்டவர்கள் ரிம்மைக் கழற்றி உள்ளே இருக்கும் நட்டுகளையும் பார்க்க வேண்டும்.

உடன்குடிக்காரரிடம் யோசிக்காமல் ஏடிவி வாங்கச் சொன்னேன், தேரி மணலுக்கு வேறு வழியே இல்லை, அவர் பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு வாங்குகிறார். கோவில்பட்டிக்காரர் பருத்தி மூட்டை இழுக்க மட்டும் வண்டி வைத்திருப்பதால் டில்லர் டயரோடு போகிறார், கூடவே ஒரு பழைய டிரைவ் ஷாஃப்டையும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உடுமலைக்காரர் காற்றை 12-க்கு இறக்கிப் பார்த்துவிட்டு நேற்று கூப்பிட்டார். மாட்டிக்கொள்ளும் இடத்தில் இடது சக்கரம் மட்டும்தான் சுற்றியதாம். இப்போதைக்குக் கை பிரேக் இரண்டு வைக்கப் போகிறார், டயர் விஷயத்தை ஐப்பசி மழை முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றார்.